ஷும்லா: ஒரு பள்ளிவாசலும் ஒரு மத்ரஸாவும்

பல்கேரியாவின் வடகிழக்கில் உள்ள ஷூமென் நகரைப் பழைய ஏடுகள் 'ஷும்லா' என்று குறிப்பிடும். நகருக்கு மேலே குன்றின்மீதுள்ள கோட்டை திரேசியர், ரோமர், பைசாந்தியர், பல்கேரியர் எனப் பலர் கைமாறி, 1388இல் உதுமானியர் வசமாயிற்று. 1828ஆம் ஆண்டுப் போரில் ருஷ்யப் படைகளால் இந்நகரைப் பிடிக்க இயலவில்லை. 1878இல்தான் அது ருஷ்யரிடம் சென்றது.

இந்நகரின் தலையாய சின்னம் ஷரீப் ஹலீல் பாஷா பள்ளிவாசல். குவிமாடத்தின் உருண்ட வடிவால் மக்கள் இதனைத் 'தொம்புல்', அதாவது பருத்த பள்ளி, என்றே அழைக்கின்றனர். 1744இல் கட்டி முடிக்கப்பெற்ற இதன் குவிமாடம் 25 மீட்டரும் மினாரா 40 மீட்டரும் உயரமுடையவை. பாஷா அருகிலுள்ள மதாரா கிராமத்தில் பிறந்தவர். பாறையில் செதுக்கிய குதிரைவீரன் சிற்பத்தால் உலகறிந்த ஊர் அது. தலைநகரில் உயர் பதவி வகித்தவர், தம் மண்ணுக்குத் தொழுமிடம் மட்டும் அமைத்து நிறுத்திக்கொள்ளவில்லை. மத்ரஸாவையும் நூலகத்தையும் சேர்த்தே அமைத்தார். மாணவர் தங்கிய அறைகளை முற்றத்தைச் சுற்றி இன்றும் காணலாம்.

எனினும் நம் கவனத்தை மிகுதியும் ஈர்ப்பது பிற்காலத்துக் கல்லூரியே. 1913ஆம் ஆண்டு உடன்படிக்கை, பல்கேரிய முஸ்லிம்களுக்கு முஃப்திகளின் பிரதிநிதிகளைப் பயிற்றுவிக்க ஒரு கலாசாலை வேண்டுமென்றது. அதன்படி 1922இல் ஷூமெனில் 'மத்ரஸத்துன் நுவ்வாப்' தொடங்கப்பெற்றது. 'நாயிப்' என்பதன் பன்மையே 'நுவ்வாப்'. ஆர்க்காட்டு நவாபின் 'நவாப்' எனும் பட்டமும் இச்சொல்லிலிருந்தே வந்தது. நம்மிடம் அரசாள்வோரைக் குறித்த சொல், அங்கே திருமணம், வாரிசுரிமை வழக்குகளைத் தீர்க்கும் எளிய ஆலிமைக் குறித்தது!

ஸஹீஹ் முஸ்லிமுக்குத் துருக்கியில் விரிவுரை வரைந்த அஹ்மத் தாவூதோக்லு இங்கு ஓதியவர். அல்அஸ்ஹரில் பயின்று திரும்பி இங்கேயே ஆசிரியராகவும் முதல்வராகவும் விளங்கினார். பொதுவுடைமை ஆட்சியில் சிறைப்பட்டு, 1949இல் துருக்கிக்குப் புலம்பெயர்ந்தார். கல்லூரியும் மூடப்பட்டது. 1984-85 குளிர்காலத்தில் முஸ்லிம்களின் பெயர்களே வலிந்து மாற்றப்பட்டன. 1989இல் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் துருக்கிக்கு வெளியேறினர்.

ஆட்சி மாறியபின் 1990இல், அதே நகரில், அதே 'நுவ்வாப்' எனும் பெயரோடு உயர்நிலை மார்க்கப் பள்ளி மீண்டும் திறக்கப்பெற்றது. பெயர்களைப் பறிகொடுத்த சமுதாயம் முதலில் மீட்டவற்றுள் இதுவும் ஒன்று.