ஏறி இறங்கும் சர்க்கரை, இறுகும் தமனி

“மூணு மாச சுகர் ஏழுதான்” என்று நிம்மதியாகச் சொல்பவர் எல்லாத் தெருவிலும் இருப்பார். ஹெச்பிஏ1சி 7 சதவீதம் என்றால், கடந்த மூன்று மாதங்களில் ரத்தச் சர்க்கரை சராசரியாக 154 மி.கி. அளவில் இருந்திருக்கிறது என்று பொருள். நல்ல எண்தான். ஆனால் நாள் முழுக்க 130-க்கும் 180-க்கும் நடுவில் இருப்பவருக்கும் அதே 7 வரும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் 280-ஐத் தொட்டு, விடியற்காலையில் 65-க்கு இறங்கி, வியர்த்துப்போய் எழுந்து உட்காருபவருக்கும் அதே 7 வரலாம். லேப் ரிப்போர்ட்டுக்கு இருவரும் ஒன்று. தமனிகளுக்கு அப்படி இல்லை போலிருக்கிறது.

குழாய்க்குள் நடப்பது

தமனியின் உட்புறம் ஒரே ஒரு அடுக்குச் செல்களால் ஆன மெல்லிய படலம். அதுதான் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவைச் சுரந்து, தேவைப்படும்போது குழாயைத் தளர்த்தி விரிய வைக்கிறது. (இதைக் கண்டறிந்த மூவருக்கு 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது.) சர்க்கரை அதிகமானால் தசைச் செல்கள் ஓரளவு வாசலைச் சாத்திக்கொள்ளும். இந்தப் படலச் செல்களுக்கு அந்த வசதி கிடையாது. ரத்தத்தில் ஏறினால் செல்லுக்குள்ளும் ஏறும். அப்போது செல்லுக்குள் உருவாகும் ஆக்ஸிஜன் கழிவுகள் நைட்ரிக் ஆக்ஸைடை அழித்துவிடுகின்றன. வழுவழுப்பாக இருந்த படலம் பிசுபிசுப்பாகிறது. வெள்ளை அணுக்கள் ஒட்டுகின்றன, கெட்ட கொழுப்பு சுவருக்குள் நுழைந்து படிகிறது. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சுவருக்கு வலுத் தரும் கொலாஜன் இழைகளில் சர்க்கரை ஒட்டி, அவற்றை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. வெயிலில் கிடந்த ரப்பர் பேண்டைப் போலக் குழாய் இழுவையை இழக்கிறது. வயதானால் எல்லோருக்கும் நடப்பதுதான். சர்க்கரை நோயில் முன்கூட்டியே நடக்கிறது.

இத்தாலிய மருத்துவர் அந்தோனியோ செரியெல்லோவின் குழு 2008-ல் வெளியிட்ட ஆய்வு, ஏற்ற இறக்கத்தைத் தனியாகப் பிரித்துப் பார்த்தது. ஆரோக்கியமானவர்கள், நீரிழிவு உள்ளவர்கள் என இரு தரப்பினருக்கும் குளுக்கோஸையும் இன்சுலினையும் ஏற்றி, 24 மணி நேரம் சர்க்கரையைச் சொன்ன இடத்தில் நிறுத்தினார்கள். ஒரு முறை நிலையாக 180-ல் வைத்தார்கள். இன்னொரு முறை 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை 90-க்கும் 270-க்கும் மாற்றினார்கள். இரண்டிலும் சராசரி ஒன்றுதான். முன்கையைப் பட்டையால் இறுக்கி, பிறகு தளர்த்தி, ரத்தம் பாயும்போது தமனி எவ்வளவு விரிகிறது என்று அல்ட்ராசவுண்டில் அளந்தார்கள். ஏறி இறங்கிய நாளில்தான் தமனி அதிகம் சோர்ந்திருந்தது.

சென்னை சொன்ன கணக்கு

தியாகராய நகரிலும் திருமங்கலத்திலும் டாக்டர் வி. மோகன் குழுவினர் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2001-ல் வந்தன. சர்க்கரை இயல்பாக இருந்தவர்களில் 9.1 சதவீதத்தினருக்கு இதயத் தமனி நோய் இருந்தது. நீரிழிவு உள்ளவர்களில் 21.4 சதவீதம். கவனிக்கவேண்டியது நடுவில் இருக்கும் 14.9 சதவீதம். குளுக்கோஸ் குடித்த 2 மணி நேரம் கழித்தும் சர்க்கரை இறங்காமல் 140-க்கும் 200-க்கும் இடையில் நின்றவர்கள் இவர்கள். “எனக்கு சுகர் இல்லையே” என்று சொல்லிக்கொள்ளக்கூடியவர்கள்.

குற்றவாளியா, கூட்டாளியா?

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையை மட்டும் அடக்கினால் மாரடைப்பு குறையுமா என்று சீனாவில் 6,522 இதய நோயாளிகளிடம் அகார்போஸ் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2017-ல் வந்த விடை: புதிதாக நீரிழிவு வருவது 18 சதவீதம் குறைந்தது, மாரடைப்பு குறையவில்லை. ஏற்ற இறக்கம் உள்ளவருக்குப் பெரும்பாலும் தொப்பையும் ரத்த அழுத்தமும் கூடவே இருப்பதால், பழியை யார் தலையில் எவ்வளவு போடுவது என்பது இன்னும் தீரவில்லை. பீடி, சிகரெட்டை விடாமல், கொழுப்பு மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு, சர்க்கரையின் கோட்டை மட்டும் நேராக்க முயல்வது வீண் வேலை.

தாழ்சர்க்கரையை மறக்கிறோம்

ஏற்றத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு இறக்கத்தைப் பற்றி வீடுகளில் பேசுவதில்லை. சர்க்கரை 70-க்குக் கீழே போனால் உடல் அட்ரினலினைக் கொட்டுகிறது. இதயம் படபடக்கிறது, ரத்தம் உறையும் தன்மை கூடுகிறது. ஏற்கெனவே அடைப்பு உள்ள தமனிக்கு இது ஆபத்து. இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்கள் சஷ்டி, ஏகாதசி என்று விரதமிருந்துகொண்டு மருந்தை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொள்வது இப்படித்தான் முடிகிறது. விரதத்துக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு அளவை மாற்றிக்கொள்ளலாம்.

டெஸ்டை ஏமாற்றுவது

லேபுக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து சாதத்தைக் குறைப்பதும், டெஸ்ட் அன்று மட்டும் இரண்டு இட்லியோடு எழுந்துகொள்வதும் நம்மூர் வழக்கம். தெரிந்துகொள்ள வேண்டியதே வழக்கமான சாப்பாடு செய்யும் வேலையைத்தான். தினமும் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, வழக்கமான மாத்திரையையும் போட்டு, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து 2 மணி நேரம் எண்ணுங்கள். ரத்தசோகை உள்ள பெண்களுக்கு ஹெச்பிஏ1சி தவறாகக் காட்டக்கூடும் என்பதால், அவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பின் எடுக்கும் இந்த அளவு இன்னும் முக்கியம். மேல்கையில் ஒட்டும் சென்சார் வாங்க முடிந்தவர்கள், நாளின் 70 சதவீத நேரமாவது 70-க்கும் 180-க்கும் இடையில் இருக்கிறார்களா என்று பார்க்கலாம். வயதானவர்களுக்கு இலக்கு சற்றுத் தளர்வானது.

தட்டில் செய்யக்கூடியது எளிது. நியூயார்க்கில் 11 பேரிடம் மட்டும் செய்த சிறிய ஆய்வில், அதே சாப்பாட்டில் காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்டபோது, ஒரு மணி நேரம் கழித்துச் சர்க்கரை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. பொரியல், கூட்டு, முட்டை அல்லது மீன் முதலில், சாதம் பிறகு. சாதத்தின் அளவும் குறைய வேண்டும், அதில் சலுகை இல்லை. சாப்பிட்டதும் 15 நிமிடம் நடப்பது பலன் தருகிறது, குறிப்பாக ராத்திரி டிபனுக்குப் பிறகு.

வெளியே தெரியும் தடயங்கள்

நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் விட்டுவிடுகிறதா? கைக்கும் கணுக்காலுக்கும் ரத்த அழுத்தத்தை ஒப்பிடும் வலியில்லாத பரிசோதனை இருக்கிறது. விகிதம் 0.9-க்குக் கீழே இருந்தால் காலில் அடைப்பு. 1.4-ஐத் தாண்டினாலும் சந்தோஷப்பட முடியாது, சுண்ணாம்பு படிந்து குழாய் அமுங்காமல் போயிருக்கலாம். ஆண்களுக்கு வரும் விறைப்புக் குறைபாடும் இதே படலத்தின் கோளாறாக இருக்கலாம். நெஞ்சுவலிக்குச் சில ஆண்டுகள் முன்பே அது தலைகாட்டுவதுண்டு. பேருந்து நிலையச் சுவரொட்டியில் உள்ள வைத்தியரைத் தேடுவதற்குப் பதில், சர்க்கரைக்குப் பார்க்கும் அதே டாக்டரிடம் வாய்விட்டுச் சொன்னால் இதயத்தையும் சேர்த்துப் பரிசோதிப்பார்.