விவிலியத் தமிழில் மறுமைச் சொற்கள்

முன்னுரை

கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, கடற்கழியின் ஓரத்தில் அமைந்த பழவேற்காட்டில் ஒல்லாந்தரின் பழைய இடுகாடு ஒன்று உளது. 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்லறைகள் பல அங்கே காணப்படுகின்றன. வாயிலில் எலும்புக்கூட்டின் உருவங்கள் கல்லிற் செதுக்கப்பட்டுள்ளன. யாக்கை நிலையாமையை அவை உணர்த்துகின்றன. ஒல்லாந்தர் தம் மறுமைக் கொள்கையைத் தம் மொழியிலேயே சொல்லிக்கொண்டனர். ஆதலின் அவர்க்குச் சொல்லாட்சியில் இடர்ப்பாடு இல்லை. அக்கொள்கையைத் தமிழில் உரைக்கப் புகுந்தோர் நிலை வேறு. மறுமையைக் குறிக்கும் சொற்கள் தமிழில் முன்னரே பொருள் நிறைந்து வழங்கின. அச்சொற்களுள் எவை கொள்ளப்பட்டன, கொள்ளப்பட்டவை தீர்க்கதரிசனப் பகுதிகளின் பொருளை எவ்வாறு மாற்றின என்பன ஈண்டு ஆராயப்படும்.

1. தமிழில் முன்னரே வழங்கிய சொற்கள்

துறக்கம், நிரயம் என்பன சங்க நூல்களில் பயின்றுவரும் சொற்கள். திருக்குறளில் புத்தேளுலகு, அளறு, எழுமை, மறுமை என்பன வருகின்றன. வீடு என்பது பிறவி நீங்கிய நிலை. இந்தியச் சமயங்கள் பலவற்றில் துறக்கமும் நிரயமும் வினைப்பயன் தீருமளவும் நுகரும் இடங்களே. பயன் தீர்ந்தபின் உயிர் மீண்டும் பிறக்கும். கிறித்தவக் கொள்கையிலோ பிறப்பும் ஒன்று, இறப்பும் ஒன்று, இறுதியில் உடல் உயிர்த்தெழுதலும் நடுத்தீர்ப்பும் உண்டு. ஆகவே பழைய சொல்லை எடுத்தாளும்போது அதன் அடியிலுள்ள பிறவிச் சுழற்சியை நீக்க வேண்டிய தேவை எழுந்தது.

இத்தேவையை முதலில் நன்குணர்ந்தவருள் தத்துவ போதகர் எனப்படும் இராபர்ட்டு தெ நொபிலி (1577–1656) ஒருவர். ஆத்தும நிருணயம், புனர்ஜென்ம ஆக்ஷேபம் என்னும் உரைநடை நூல்கள் அவர் பெயரால் வழங்குகின்றன. மறுபிறப்பை மறுத்தாலன்றி மோட்சம் என்னும் சொல் கிறித்தவப் பொருள் தாராது என்பது அம்முயற்சியால் விளங்கும். வடமொழியில் 'விடுபடல்' என்னும் பொருளுடைய அச்சொல், கத்தோலிக்க வழக்கில் நாளடைவில் இறைவன் உறையும் பேரின்ப உலகைக் குறிப்பதாயிற்று. நிலையைக் குறித்த சொல் இடத்தைக் குறிக்கலாயிற்று என்க.

2. பாதாளமும் நரகமும்

எபிரேய மறையில் இறந்தோர் அனைவரும் சென்று சேரும் நிழலிடம் 'ஷெயோல்' எனப்படும். நல்லோரும் தீயோரும் அங்கே செல்வர். கிரேக்கத்தில் இதற்கு நேரானது 'ஹாதேஸ்'. 'கெஹென்னா' இவற்றின் வேறு. எருசலேமை அடுத்த இன்னோம் பள்ளத்தாக்கின் பெயரினின்று தோன்றித் தீயோர் ஒறுக்கப்படும் இடத்தைக் குறித்தது அது. முன்னது இறப்பின் இடம். பின்னது தண்டத்தின் இடம்.

என்றி பவர் தலைமையில் உருவாகி 1871-இல் வெளிவந்த ஒன்றிய மொழிபெயர்ப்பு இவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் பேணுகின்றது. ஷெயோல், ஹாதேஸ் என்பவற்றிற்குப் பாதாளம் என்றும், கெஹென்னாவிற்கு நரகம் என்றும் அது வழங்கும். 16-ஆம் சங்கீதத்தின் 10-ஆம் வசனத்தில் பாதாளம் என்றே வருகின்றது. இவ்வசனத்தைப் பேதுரு கிறித்துவின் உயிர்ப்புப் பற்றிய முன்னுரையாகக் கொண்டதை அப்போஸ்தலர் நடபடிகள் 2-ஆம் அதிகாரம் காட்டும். அங்கே நரகம் என்றிருப்பின் கிறித்து தண்டத்தின் இடத்திற்குச் சென்றார் என்று பொருள்பட்டு, தீர்க்கதரிசனமே திரிந்திருக்கும்.

ஆயினும் 9-ஆம் சங்கீதத்தின் 17-ஆம் வசனத்தில், மூலத்தில் ஷெயோல் என்றே இருப்பவும், அம்மொழிபெயர்ப்பு நரகம் என்று வழங்குகின்றது. இறைவனை மறந்த இனத்தார் அனைவரையும் பற்றிய வசனம் அது. மூலம் அவர்க்கு இறப்பைக் கூறுகின்றது; தமிழ் அவர்க்கு முடிவில்லாத் தண்டத்தைக் கூறுவதாகப் படிப்போர் கொள்வர்.

3. ஒரே அதிகாரத்தில் இரு பாதாளங்கள்

வெளிப்படுத்தின விசேஷத்தின் 20-ஆம் அதிகாரம் இறுதிக்காலம் பற்றிய விளக்கங்கள் பலவற்றிற்கு நிலைக்களம். அதன் தொடக்கத்தில் சாத்தான் ஆயிரம் ஆண்டு அடைக்கப்படும் ஆழத்திற்குக் கிரேக்கத்தில் 'அபிசோஸ்' என்று பெயர். அதிகார இறுதியில் மரணத்தோடு அக்கினிக்கடலில் எறியப்படுவது 'ஹாதேஸ்'. முன்னது சிறை, பின்னது இறந்தோர் உறையுள். ஒன்றிய மொழிபெயர்ப்பில் இவ்விரண்டும் பாதாளம் என்றே நிற்கின்றன. தமிழை மட்டும் பயில்வோர், சாத்தானை அடைத்த இடமும் இறந்தோர் தங்கும் இடமும் ஒன்றே எனக் கருதுதல் இயல்பு. அன்றியும், புராண வழக்கில் பாதாளம் கீழேழ் உலகங்களுள் ஒன்று. நாகர் வாழும் இடம். இறந்தோர் செல்லும் இடமன்று. ஆகவே இச்சொல் மூன்று பொருள்களைச் சுமந்து நிற்கின்றது.

4. 'இன்றைக்கு' என்னும் சொல்

சொல்லேயன்றித் தொடரமைப்பும் பொருளை வரையறுக்கும். லூக்கா 23-ஆம் அதிகாரம் 43-ஆம் வசனத்தில் சிலுவையில் தொங்கிய கள்வனுக்கு வாக்களிக்கப்படுகின்றது. பழைய கிரேக்கப் படிகளில் நிறுத்தக்குறிகள் முறையாக இடப்படவில்லை. 'இன்று' என்பதனை முன்னுள்ள 'சொல்லுகிறேன்' என்பதனோடு இயைத்தல் கூடும்; பின்னுள்ள 'இருப்பாய்' என்பதனோடு இயைத்தலும் கூடும். முன்னதைக் கொள்வோர், இறந்தோர் உயிர்த்தெழும் நாள்வரை துயில்வர் என்பர். பின்னதைக் கொள்வோரே பெரும்பாலர். இறந்தவுடன் உயிர் பேரின்பம் எய்தும் என்பது அவர் கருத்து.

தமிழில் இவ்விருபொருள் நிலைக்கு இடமில்லை. பிறர்க்குக் கூறுவது 'என்று' என்னும் இடைச்சொல்லால் முடிவதால், 'இன்றைக்கு' அதனுள்ளே அமையுமா, வெளியே அமையுமா என்பதை மொழிபெயர்ப்பாளர் துணிந்தே ஆகவேண்டும். ஒன்றிய மொழிபெயர்ப்பு உள்ளே அமைத்தது. அவ்விடத்தில் பரதீசு என்று ஒலிபெயர்க்கப்பட்டது, 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தில் பேரின்ப வீடு என்றாயிற்று. பழைய வீடு என்னும் சொல் மீண்டது காண்க.

5. தீர்க்கதரிசனமும் இறைவாக்கும்

எபிரேயத்தில் 'நாபி' என்பவர் இறைவன் சார்பில் பேசுபவர். அவர் வருங்காலம் உரைப்பதுமுண்டு. எனினும் மன்னனை இடித்துரைத்தலும், எளியோர்க்கு இழைத்த கொடுமையைக் கண்டித்தலும் அவர்தம் பெரும்பணி. தீர்க்கதரிசி என்னும் தமிழ் வழக்கோ 'நெடுந்தொலைவு காண்பவர்' என்னும் பொருளது. பேச்சு மறைந்து காட்சி முன்னிற்கின்றது. இச்சொல்லைக் கொண்டு படிப்போர் எதிர்கால நிகழ்ச்சிகளின் அட்டவணையைத் தேடுதல் எளிது. திருவிவிலியம் இறைவாக்கினர் என்று வழங்குவது மூலத்தின் பொருளுக்கு அணுக்கமானது.

நாள் கணித்தலின் விளைவை அண்டை நாட்டு வரலாறு காட்டுகின்றது. திருவிதாங்கூரில் 1870-களில் எழுந்த சமய எழுச்சியின் தலைவர் யுஸ்துஸ் யோசேப்பு, 1881-இல் கிறித்து மீண்டும் வருவார் என அறிவித்தார். அவ்வாண்டு வாளா கழிந்தது. யுயோமய சபை என்னும் தனிப்பிரிவு எஞ்சியது. அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியோர் 1844-இல் எய்திய ஏமாற்றமும் இத்தகையதே. புனித அகுஸ்தீனோ ஆயிரம் ஆண்டு என்பதைத் திருச்சபையின் காலம் முழுவதற்கும் உருவகமாகக் கொண்டார். எண்ணைக் கணக்காகக் கொள்வதா, குறியீடாகக் கொள்வதா என்பதே இவர்களிடையே உள்ள வேறுபாடு.

முடிவுரை

இவ்வாராய்ச்சி சொல்லளவில் நிற்பதன்று. முத்துக்குளித்துறையில் தொண்டாற்றிய பிரான்சிசு சவேரியார், பின்னர் யப்பானில் புதிதாகச் சமயம் தழுவியோர், தம் முன்னோர் நரகத்தினின்று மீளார் என்று கேட்டு அழுததைத் தம் கடிதத்தில் எழுதியுள்ளார். தமிழகத்திலும் சமயம் தழுவிய முதல் தலைமுறையினர் ஒவ்வொருவர்க்கும் அவ்வினா உண்டு. அதற்கு விடை கூறுவோர் ஒரு வசனத்தைக் காட்டும்போது, அங்கே மூலத்தில் உள்ளது ஷெயோலா, கெஹென்னாவா என்று அறிந்து கூறுதல் கடன். இறந்தோரைப் பற்றிய தீர்ப்பு மொழிபெயர்ப்பின் தடுமாற்றத்தால் அமைதல் தகாது.

சீகன்பால்கு 1714–15-இல் அச்சிட்ட புதிய ஏற்பாடு, பப்பிரீசியசின் மொழிபெயர்ப்பு, 1871-ஆம் ஆண்டுப் பதிப்பு, 1995-ஆம் ஆண்டுத் திருவிவிலியம் ஆகிய நான்கையும் மறுமைச் சொற்கள் தோறும் ஒப்பிட்டு ஓர் அகரவரிசை தொகுத்தல் வேண்டும். முதுகலை மாணவர் இதனை மேற்கொள்ளின் சொற்பொருள் வரலாற்றிற்கும் மறைநூல் விளக்கத்திற்கும் ஒருங்கே பயன் விளையும்.