பீன்ஸ் நோய்க் கிருமியை அழிக்கும் வைரஸ்

பீன்ஸ் இலையில் நீர்க் கசிவான புள்ளிகளும், சுற்றிலும் வெளிர்மஞ்சள் வளையமும் தோன்றுவது ஒருவகை சூடோமோனாஸ் பாக்டீரியாவால். விதை நேர்த்திக்கு நாம் பயன்படுத்தும் சூடோமோனாஸ் வேறு. அது நன்மை தருவது.

நோய் தரும் இந்த பாக்டீரியாவை அழிக்கும் வைரஸ் ஒன்று உண்டு. பெயர் ஃபை-6. அமெரிக்காவில் நெப்ராஸ்கா விஞ்ஞானிகள் நோயுள்ள பீன்ஸ் சருகில் இதைக் கண்டு 1973-ல் வெளியிட்டனர்.

பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களில் பெரும்பாலானவற்றுக்குப் புரத உறை மட்டுமே உண்டு. இதற்கோ அதன்மேல் கொழுப்புச் சவ்வும் உண்டு. கொழுப்பை வைரஸ் தானே செய்வதில்லை. பாக்டீரியாவின் உட்சவ்விலிருந்து எடுத்துக்கொள்கிறது. இதற்கு இரு புரதங்கள் தேவை. பி-9 சவ்விலேயே தங்கிவிடும். பி-12, கட்டடம் முடிந்ததும் பிரிக்கும் சாரம் போல, விலகிவிடும். பாக்டீரியாவின் உள்ளேயே சவ்வைப் போர்த்திக்கொண்ட வைரஸ்கள், பின்னர் அதை உடைத்து வெளியேறுகின்றன.

பாக்டீரியாவைப் பற்றும் கொக்கிப் புரதம் இச்சவ்வில்தான் பதிந்துள்ளது. சோப்புப் பொருள் பட்டால் சவ்வு கரையும், பிடியும் போகும். ஆகவே இவ்வகை வைரஸைச் சோப்புக் கரைசலுடன் கலந்தால் பயன் தராது.

விவசாயிகள் இன்று கைக்கொள்ள வேண்டிய முறைகள்: நோயுற்ற செடியிலிருந்து விதை எடுக்கலாகாது. இலைகள் ஈரமாயிருக்கையில் பீன்ஸ் வயலில் இறங்கலாகாது. நோயுற்ற சருகுகளை வயலில் விடாமல் அகற்ற வேண்டும்.