மரப்பாலும் பட்டும் சேர்ந்த கவசம்

திருமுல்லைவாயிலில் ரயில் ஏறினால் அடுத்து அண்ணனூர், அதற்கடுத்து ஆவடி. அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965இல் ‘விஜயந்தா’ டாங்கி உருவானது. பிறகு வந்த ‘அர்ஜுன்’ டாங்கியை வடிவமைத்ததும் ஆவடியில் உள்ள ஆய்வு நிறுவனம்தான்.

அர்ஜுனின் கவசத்துக்குப் பெயர் ‘காஞ்சன்’. எஃகுத் தகடுகளுக்கு நடுவே பீங்கான் வகைப் பொருளை வைத்திருக்கிறார்கள். போர்க் கவசத்தில் பீங்கானா? ஆமாம், அது மிகக் கடினமானது. பாய்ந்து வரும் குண்டின் முனையை உடைத்துவிடும். ஆனால் தானும் நொறுங்கும். சுற்றியுள்ள அடுக்குகள் அதைத் தாங்கிப் பிடிக்கின்றன. எல்லாவற்றையும் தடித்த எஃகாகவே செய்தால் வண்டி நகராது. இப்போதே புதிய அர்ஜுனின் எடை சுமார் 68 டன்!

ஜப்பானின் சாமுராய் வீரர்களுக்கும் அன்று எடைதான் சிக்கல். கவசம் போட்டுக்கொண்டு குதிரை ஏற வேண்டும், வில்லை வளைக்க வேண்டும். அதனால் அந்நாட்டுக் கைவினைஞர்கள் இரும்பிலும் தோலிலும் சின்னஞ்சிறு தகடுகள் வெட்டி, துளையிட்டு, மீன் செதில்போல் ஒன்றின்மேல் ஒன்று படியவைத்து, வண்ணப் பட்டுக் கயிற்றால் கோத்தார்கள். ஒரு தகட்டில் விழும் அடி பக்கத்துத் தகடுகளுக்கும் பரவும். உடம்பும் வளையும். கயிற்றின் நிறமும் பின்னலும்தான் கவசத்தின் அழகு.

மழை நாட்டில் இரும்பு துருப்பிடிக்குமே? அதற்கு ஒரு மரத்தின் பாலைப் பூசினார்கள். அது நம் மாமரத்தின் உறவு! மாங்காய்ப் பால் பட்டு உதடு எரிந்ததுண்டா? இந்த மரத்தின் பால் அதைவிடப் பொல்லாதது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்: அந்தப் பூச்சு வெயிலில் காய்ந்து இறுகுவதில்லை. ஈரக் காற்றில்தான் இறுகும். பாலில் உள்ள ஒரு நொதி, ஈரம் இருக்கும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு மூலக்கூறுகளைப் பிணைக்கிறது. நம் ஊர் ஐப்பசிக் காற்று அதற்கு நன்றாகவே ஒத்துவரும்.

சாமுராய் தலைக்கவசத்தின் நெற்றியில் மான்கொம்பு, பிறைநிலா என்று விதவிதமாகச் சூடினார்கள். உள்ளே பாருங்கள்: இரும்பு தலையில் படாதபடி துணி இழுத்துக் கட்டியிருக்கும். அந்த இடைவெளியால் அடியின் வேகம் அடங்கக் கூடுதல் நேரமாகும். நேரம் கூடினால் விசை குறையும்.

உங்கள் வீட்டு ஹெல்மெட்டில் இந்த வேலையை உள்ளிருக்கும் தெர்மாகோல் நசுங்கிச் செய்கிறது. நசுங்கியது திரும்ப எழும்பாது. விபத்தில் ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட், வெளியே கீறல் இல்லாவிட்டாலும், மறுபடி உதவாது. அப்படி ஒன்று வீட்டில் இருந்தால், அதை மாற்றும்படி அப்பா அம்மாவிடம் இன்றே சொல்லுங்கள்.