பல்லுக்கு 'கேப்' போடச் சொல்கிறார்களா? முடிவெடுக்கும் முன் நாம் அறிய வேண்டியவை

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம் என நீளும் தொழிற்சாலைப் பகுதியில் நம் பிள்ளைகள் பலர் வேலை பார்க்கிறார்கள். ஒரு வாரம் காலை ஷிஃப்ட், அடுத்த வாரம் இரவு ஷிஃப்ட். பல் வலி வந்தால் மெடிக்கலில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவதே பலருக்கு வழக்கமாகிவிட்டது. மாத்திரைக்கு அடங்காதபோதுதான் பல் மருத்துவரிடம் போகிறோம். அவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "ரூட் கெனால் செய்து, பிறகு கேப் போட வேண்டும்" என்கிறார்.

ரூட் கெனால் முடிந்ததும் வலி போய்விடுகிறது. வலி போனதும் கேப்பும் மறந்துவிடுகிறது. சில மாதங்கள் கழித்து முறுக்கைக் கடிக்கும்போது பல் இரண்டாகப் பிளக்கிறது. செலவழித்த பணமும் வீண், பல்லும் வீண். இந்த இழப்பைத் தவிர்க்க வேண்டுமானால், கேப் பற்றிய முடிவை வலி நின்ற பிறகு அல்ல, சிகிச்சையைத் தொடங்கும் முன்பே எடுத்துவிட வேண்டும்.

கேப் என்பது என்ன?

நாம் கேப் என்று சொல்வதை மருத்துவர்கள் கிரவுன் என்கிறார்கள். பலவீனமான பல்லைச் சுற்றிலும் சிறிது சீவி, அதன்மேல் பல் வடிவிலேயே செய்த உறையை ஒட்டிவிடுவார்கள். பைக்கில் போகும்போது தலைக்கு ஹெல்மெட் போல, மெல்லும்போது பல்லின்மேல் விழும் அழுத்தத்தை இந்த உறை தாங்கிக்கொள்ளும்.

ரூட் கெனால் செய்த கடைவாய்ப் பல்லுக்கு இது ஏன் முக்கியம்? சொத்தையிலும், அதைச் சுத்தம் செய்யத் துளைத்ததிலும் பல்லின் உட்பகுதி ஏற்கெனவே போயிருக்கும். எஞ்சியிருப்பது மெல்லிய சுவர்கள்தான். உணவை அரைக்கும் முழு வேலையும் கடைவாய்ப் பற்கள் மேல்தான் விழுகிறது. அமெரிக்காவைச் சேர்ந்த அக்விலினோ, கேப்லன் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ரூட் கெனால் செய்து கிரவுன் போடாத பற்கள், கிரவுன் போட்ட பற்களைவிட 6 மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டதாகக் கண்டார்கள்.

யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை?

ரூட் கெனால் செய்த கடைவாய்ப் பல், பாதிக்கு மேல் சொத்தையில் கரைந்த பல், விரிசல் விட்ட பல், பெரிய ஃபில்லிங் மீண்டும் மீண்டும் உடைந்து விழும் பல் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் கிரவுன் தேவைப்படும்.

சிறிய சொத்தைக்கு ஃபில்லிங் போதும். முன்பல்லில் ரூட் கெனால் செய்திருந்தாலும், பல்லின் பெரும்பகுதி நன்றாக இருந்தால் ஃபில்லிங்கோடு நிறுத்திவிட முடியும். அழகுக்காக மட்டும் நல்ல பற்களைச் சீவி உறை போடுவதை நாம் நன்றாக யோசிக்க வேண்டும். கிரவுனுக்காகப் பல்லின் பக்கங்களில் சுமார் 1 மில்லிமீட்டரும், மேற்பகுதியில் ஒன்றரை முதல் 2 மில்லிமீட்டரும் சீவுவார்கள். சீவிய எனாமல் திரும்ப வளராது.

இன்னொரு நிலையும் உண்டு. ஈறுக்கு மேலே உறுதியான பல் 2 மில்லிமீட்டர் அளவுக்காவது மிஞ்சியிருந்தால்தான் உறைக்குப் பிடிமானம் கிடைக்கும். ஈறு நோயால் பல் ஆடிக்கொண்டிருந்தால் முதலில் ஈறைக் கவனிக்க வேண்டும், கேப் அதைச் சரி செய்யாது. காப்பாற்ற முடியாத பல்லுக்குச் செலவு செய்வதைவிட எடுத்துவிடுவதே நல்லது என்று ஒரு மருத்துவர் சொன்னால், அது நமக்கான நேர்மையான ஆலோசனைதான்.

பிள்ளைகளின் பால் பற்களுக்கும் சில நேரம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேப் போடுவார்கள். "விழப்போகிற பல்தானே" என்று விட்டுவிட வேண்டாம். பின்பக்கப் பால் பற்கள் 10 முதல் 12 வயது வரை இருக்க வேண்டியவை. அவற்றை முன்கூட்டியே இழந்தால் பக்கத்துப் பற்கள் நகர்ந்து, நிலையான பல் முளைக்க இடமில்லாமல் போகும்.

எந்த வகை?

முழு உலோக கேப் விலை குறைவு, மிக உறுதியானது. நிறம்தான் குறை என்பதால் வெளியே தெரியாத கடைசிப் பற்களுக்கு ஏற்றது. நிக்கல் கலந்த உலோகம் சிலருக்கு ஒவ்வாமை தரும். கவரிங் நகை போட்டால் தோல் அரிக்கும் என்றால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

உலோகத்தின்மேல் செராமிக் பூசியது நடுத்தர விலையில் கிடைக்கும். பல் நிறத்தில் இருக்கும். ஆனால் செராமிக் சில நேரம் உதிரலாம், ஈறு ஓரத்தில் கறுப்புக் கோடு தெரியலாம். சிர்கோனியா பல் நிறமும் உறுதியும் சேர்ந்தது, விலை அதிகம். எல்லாப் பல்லுக்கும் விலை கூடியதுதான் வேண்டும் என்பதில்லை. எந்தப் பல், எவ்வளவு அழுத்தம், வெளியே தெரியுமா என்பதைப் பொறுத்தே தேர்வு செய்ய வேண்டும்.

ஆண்கள் தங்கப் பல் வைக்கலாமா என்ற கேள்வியும் எழுகிறது. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா பின் அஸ்அத் (ரலி) அவர்கள் வைத்த வெள்ளி மூக்கில் துர்நாற்றம் ஏற்பட்டதால், தங்கத்தில் வைத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்த செய்தி அபூதாவூத், திர்மிதீ நூல்களில் உள்ளது. இதை வைத்து, தேவை ஏற்படும்போது தங்கப் பல்லை அறிஞர்கள் பலர் அனுமதித்துள்ளனர். இன்று வேறு நல்ல பொருட்கள் கிடைப்பதால் அந்தத் தேவை பெரும்பாலும் எழுவதில்லை.

சிகிச்சை எப்படி நடக்கும்?

பொதுவாக 2 முறை போக வேண்டும். முதல் முறை மரத்துப்போக ஊசி போட்டு, பல்லைச் சீவி, அளவு எடுத்து, தற்காலிக கேப் ஒட்டுவார்கள். ஏறத்தாழ 1 மணி நேரம் ஆகலாம். உறை லேபில் தயாராகி வர பெரும்பாலும் 1 வாரம் ஆகும். இரண்டாம் முறை அதைப் பொருத்திப் பார்த்து ஒட்டுவார்கள். ரூட் கெனாலும் செய்வதானால் அதற்கான நாட்கள் தனி.

மரத்த உணர்வு சில மணி நேரம் இருக்கும். அதுவரை சூடான டீ, சாப்பாடு வேண்டாம். நாக்கையோ கன்னத்தையோ கடித்தாலும் தெரியாது. தற்காலிக கேப் இருக்கும் நாட்களில் மிட்டாய், சூயிங் கம் போன்ற ஒட்டும் பொருட்களைத் தவிர்க்க வேண்டும்.

நிலையான கேப் ஒட்டிய பின் சில நாள் கூச்சம் இருப்பது இயல்பு. ஆனால் வாயை மூடும்போது அந்தப் பல் மட்டும் முதலில் இடித்தால், பழகிவிடும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே போனால் சில நிமிடங்களில் தேய்த்துச் சரி செய்துவிடுவார்கள். கேப் கழன்றுவிட்டால் பத்திரமாக எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். கடையில் விற்கும் பசையால் நாமே ஒட்டக் கூடாது.

சர்க்கரை நோய், இதயப் பிரச்சினை, ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மாத்திரை, கர்ப்பம் ஆகியவற்றை முதல் நாளே சொல்லிவிடுவது அவசியம்.

உளூவும் நோன்பும்

நிலையாக ஒட்டிய கேப்பை உளூவுக்கோ கடமையான குளிப்புக்கோ கழற்ற வேண்டியதில்லை என்பதே ஆலிம்கள் பொதுவாகத் தரும் விளக்கம். 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, பல்லைத் துளைப்பதும், பிடுங்குவதும், சுத்தம் செய்வதும், தொண்டைக்குள் எதையும் விழுங்காதவரை நோன்பை முறிக்காது என்று தீர்மானித்தது. ஆனாலும் அவசரமில்லாத சிகிச்சையை இஃப்தாருக்குப் பிறகோ, ரமலான் முடிந்த பிறகோ வைத்துக்கொண்டால் மனம் நிம்மதியாக இருக்கும்.

நாளையும் பணத்தையும் சேர்த்துத் திட்டமிடுவோம்

ஆம்பூர், மேலப்பாளையம், கீழக்கரை என்று வெளியூர்களிலிருந்து வந்து இங்கே அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள் பெருநாளைக்கு ஊருக்குப் போகும் வாரத்தில் இதைத் தொடங்க வேண்டாம். இரண்டு வருகைகளும் முடிய இடைவெளி இருக்க வேண்டும். காலை ஷிஃப்ட் வாரங்களில் மாலை நேரக் கிளினிக்குக்குப் போவது எளிது.

முதல் நாளே 4 கேள்விகள் கேட்போம். இந்தப் பல்லுக்கு ஃபில்லிங் ஏன் போதாது? ரூட் கெனாலும் கேப்பும் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு? எந்த வகை கேப், அதற்கு உத்தரவாத அட்டை உண்டா? எத்தனை முறை வர வேண்டும்? எக்ஸ்ரேயை போனில் படமெடுத்து வைத்துக்கொண்டால் இன்னொரு மருத்துவரிடமும் கருத்துக் கேட்கலாம்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்கும் தொழிலாளர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. அங்கே பல் பரிசோதனையைத் தொடங்கி, கேப் செலவு அதில் வருமா என்பதையும் கேட்டுக்கொள்ளலாம். சென்னையில் 1953இல் தொடங்கிய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. குன்றத்தூர், வேலப்பன்சாவடி பகுதிகளில் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. கல்லூரிகளில் பேராசிரியர்களின் மேற்பார்வையில் மாணவர்கள் சிகிச்சை செய்வார்கள். செலவு குறையும், போக வேண்டிய நாட்கள் கூடும்.

சில கிளினிக்குகளில் தவணை வசதி தருகிறார்கள். கையெழுத்துப் போடும் முன் அதில் வட்டி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வோம். முடியாத நிலையில் உள்ளவர்கள் தம் மஹல்லா ஜமாஅத்தின் பைத்துல்மாலில் அழகிய கடன் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. பல் வலியோடு மிஷின் முன் நிற்பதும் ஒரு கஷ்டம்தான்.

கேப் போட்டபின் பல்லுக்குச் சொத்தை வராது என்று எண்ணிவிடக் கூடாது. உறையின் ஓரமும் ஈறும் சேரும் இடத்தில் மீண்டும் சொத்தை தொடங்கலாம். காலையும் இரவும் துலக்குவதும், பல் இடுக்கை நூலால் சுத்தம் செய்வதும், இரவு ஷிஃப்டில் சர்க்கரை போட்ட டீயைக் குறைப்பதும், புகையிலைப் பொருட்களை அடியோடு விடுவதும் அந்த கேப்பின் ஆயுளைக் கூட்டும். நன்றாகப் பராமரித்தால் 10 முதல் 15 ஆண்டுகள் வரை உழைக்கும், இன்ஷா அல்லாஹ்.

நம் வீட்டில் யாராவது ரூட் கெனால் முடித்துவிட்டு, வலி இல்லை என்று கேப் போடாமல் இருக்கிறார்களா? இன்றே கேட்டுப் பார்த்து, இந்த வார விடுமுறைக்குள் மருத்துவரிடம் நாள் வாங்கிக் கொடுப்போம்.