நுண்கட்டுப்படுத்திச் சுற்றில் ரிலேயின் தொடக்கநிலைப் பாதுகாப்பு: இஎஸ்பி-32 வழி ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

கம்பியில்லா முறையில் மின்சாதனங்களை இயக்கும் சுற்றுகளில், கட்டளை ஏதுமின்றி ரிலே இயங்கிவிடுவதுண்டு. பழுதுபார்ப்பவரின் கை மோட்டாரின்மீது இருக்கும்போது அவ்வாறு நிகழின் உயிருக்கே ஊறு நேரும். இக்குறைபாட்டை நிரலில் மட்டும் தேடுவது போதாது. நிரல் தொடங்குமுன் ரிலே எந்நிலையில் இருக்கும் என்பதைக் கம்பியிணைப்பே உறுதிசெய்தல் வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: நுண்கட்டுப்படுத்தி, ரிலே, பொத்தான், வைஃபை, மீள்தொடக்கம்.

முன்னுரை

எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2016இல் வெளியிட்ட இஎஸ்பி-32 சில்லு, வைஃபை, புளூடூத் ஆகிய இரண்டையும் தன்னகத்தே கொண்டது. இது 3.3 வோல்ட்டில் இயங்குவது. பரவலாகப் பயன்படும் சிறிய ரிலேக்களோ 5 வோல்ட்டில் இயங்குபவை. இவ்வேறுபாடும், மீள்தொடக்கத்தின்போது முனைகள் கொள்ளும் நிலையும் இணைப்பில் முதன்மையாகக் கருதத்தக்கன.

முனைத் தேர்வு

0, 2, 5, 12, 15 ஆகிய முனைகளின் மின்னழுத்தத்தைத் தொடக்கத்தில் படித்தே சில்லு தன் இயக்க முறையைத் தேர்கின்றது. 0ஆம் முனையிலுள்ள பொத்தான் அழுந்திய நிலையில் மின்சாரம் வந்தால், நிரல் இயங்காது. சில்லு நிரலேற்ற நிலைக்குச் செல்லும். 6 முதல் 11 வரையிலானவை நினைவகத்துக்கு உரியவை. 34 முதல் 39 வரையிலானவை உள்ளீட்டுக்கு மட்டுமே பயன்படும். எனவே ரிலேக்களுக்கு 25, 26, 27 ஆகியவையும், பொத்தான்களுக்கு 32, 33 ஆகியவையும் ஏற்றவை.

பொத்தான் இணைப்பு

பொத்தானை முனைக்கும் தரைக்கும் இடையே இணைத்து, முனையை 10 கிலோ ஓம் மின்தடை வழியாக 3.3 வோல்ட்டுடன் சேர்த்தல் வேண்டும். அழுத்தும்போது தொடுமுனைகள் சில மில்லி வினாடிகள் அதிர்வதால், ஓர் அழுத்தம் பலவாகப் பதிவாகலாம். நிலை மாறியபின் 20 முதல் 50 மில்லி வினாடி வரை பொறுத்து மீண்டும் படிப்பது இதனைத் தவிர்க்கும்.

ரிலே இணைப்பு

ஏறத்தாழ 70 ஓம் தடையுள்ள 5 வோல்ட் ரிலேச் சுருள் சுமார் 70 மில்லி ஆம்பியர் கொள்ளும். முனையொன்றின் உச்ச வரம்பே 40 மில்லி ஆம்பியர்தான். ஆகவே இடையில் என்பிஎன் வகை டிரான்சிஸ்டர் இன்றியமையாதது. சுருள் அணையும்போது எழும் எதிர்மின்னழுத்தத்தைத் தாங்கச் சுருளுக்கு இணையாக டையோடு ஒன்றைத் தலைகீழாக இணைத்தல் வேண்டும். டிரான்சிஸ்டரின் அடிவாயை 1 கிலோ ஓம் வழியாக முனையுடனும், 10 கிலோ ஓம் வழியாகத் தரையுடனும் இணைத்தல் முறை. பின்னதே பாதுகாப்பின் ஆணிவேர். மீள்தொடக்கத்தின்போது முனை எதனையும் செலுத்தாமல் மிதந்தாலும், இம்மின்தடை அடிவாயைத் தாழ்நிலையில் நிறுத்தும். ரிலே அணைந்தே இருக்கும்.

மின்வழங்கலும் வலையிணைப்பும்

வைஃபை அலைபரப்பின்போது மின்னோட்டம் 240 மில்லி ஆம்பியர் அளவுக்கு உயரக்கூடும். அத்தருணத்தில் ரிலேச் சுருளும் இயங்கினால், திறன் குறைந்த மின்வழங்கியில் மின்னழுத்தம் சரிந்து சில்லு மீள்தொடங்கும். சில்லுக்கும் சுருள்களுக்கும் மின்வழங்கியிலிருந்தே தனித்தனிக் கம்பிகள் செல்வது நன்று. வலையிணைப்பு கிடைக்கும்வரை நிரல் காத்து நிற்குமாயின் பொத்தான் பயனற்றுப்போகும். ஆதலின் பொத்தானைப் படிக்கும் பகுதி வலையிணைப்பைச் சாராதிருத்தல் வேண்டும்.

முடிவுரை

சில்லு செயலற்ற நொடியிலும் ரிலே அணைந்திருக்குமாறு அமைந்த சுற்றே நம்பத்தக்கது. எனினும் ரிலே அணைந்திருத்தல் முழுமையான மின்துண்டிப்பு ஆகாது. 230 வோல்ட் இணைப்பில் பழுதுபார்க்குமுன் முதன்மைச் சுவிட்சை அணைப்பதற்கு எந்த நிரலும் மாற்றாகாது.