வீட்டுக் கணினி – 9: ப்ராசஸர் எதற்காகக் காத்திருக்கிறது?

கம்ப்யூட்டர் ஸ்லோவாகிவிட்டது என்று சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இரண்டில் ஒன்று: ஃபார்மட் பண்ணிவிடலாம், இல்லையென்றால் புதுசு வாங்கிவிடுங்கள். எதனால் மெதுவாகிறது என்று அளந்து பார்த்துச் சொல்பவர்கள் குறைவு. திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்போது ப்ராசஸர் பெரும்பாலும் சும்மாதான் இருக்கிறது. கேட்ட தகவல் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். அது எங்கிருந்து வர வேண்டும் என்று தெரிந்துகொள்ளாமல் செலவழிக்கும் பணம் வீண். பத்து வருடப் பழைய வீட்டுக் கணினிகளில் பெரும்பாலானவை காத்திருப்பது ஹார்ட் டிஸ்க்குக்காக. அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி மாட்டுவதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

இதை நம்பச் சொல்லவில்லை, பார்த்துக்கொள்ளலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். கணினி திணறும் நேரத்தில் அதில் சிபியு இருபது சதவீதத்தைக்கூடத் தொடாமல், டிஸ்க் மட்டும் நூறில் நின்றால் விஷயம் தெளிவு. இன்னும் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். நூறு சதவீதம் உழைக்கும் அந்த டிஸ்க் நொடிக்கு ஒன்றிரண்டு எம்பி மட்டுமே படித்துக்கொண்டிருக்கும். பெரிய சினிமா ஃபைலை நகலெடுக்கும்போது நொடிக்கு நூறு எம்பி தரும் அதே டிஸ்க்தான் இது. லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 11 மில்லி நொடி. வேண்டிய இடம் படிக்கும் ஊசியின் கீழே வர சராசரியாக அரைச் சுற்று, ஊசி அந்தத் தடத்துக்கு நகர இன்னொரு பத்து மில்லி நொடி. ஆக ஒரு துணுக்கை எடுக்க ஏறத்தாழ 15 மில்லி நொடி. நொடிக்கு அறுபது, எழுபது துணுக்குகள்தான். விண்டோஸ் எழுந்திருக்கும்போது படிப்பதோ ஆயிரக்கணக்கான சிறு ஃபைல்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மூலையில். 3 கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸருக்கு அந்த 15 மில்லி நொடியில் நாலரைக் கோடித் துடிப்புகள் கடந்து போகின்றன.

வரலாறும் இதையே சொல்கிறது. 1956-ல் ஐபிஎம் வெளியிட்ட ராமாக் கணினியின் டிஸ்க்கில் 24 அங்குலத் தட்டுகள் ஐம்பது. ஒரு தகவலை எடுத்துத்தர அது சுமார் 600 மில்லி நொடி எடுத்துக்கொண்டது. அறுபது வருடம் கழித்து 15 மில்லி நொடி, அதாவது நாற்பது மடங்கு முன்னேற்றம். ப்ராசஸர்கள் அதற்குள் லட்சக்கணக்கான மடங்கு வேகமாகிவிட்டன. எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் ஊசியும் இல்லை. ஒரு துணுக்குக்கு 0.1 மில்லி நொடியே போதும்.

1967-ல் கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் முன்வைத்த ஒரு கணக்கு இங்கே அப்படியே பொருந்துகிறது. ஒரு கணினி எழுந்திருக்க 100 நொடி ஆகிறது, அதில் 80 நொடி டிஸ்க்குக்காகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ப்ராசஸரை இரட்டிப்பு வேகமாக்கினால் மிச்சமாவது பத்து நொடி. டிஸ்க்கைப் பத்து மடங்கு வேகமாக்கினால் மொத்தமே 28 நொடி. "பழைய மதர்போர்டில் எஸ்எஸ்டியின் முழு வேகம் கிடைக்காதே" என்பார்கள். உண்மைதான், பழைய சாட்டா இணைப்பு நொடிக்கு 300 எம்பியைத் தாண்டாது. ஆனால் நாம் ஒழிக்க நினைப்பது தட்டு சுற்றி ஊசி நகரும் அந்த 15 மில்லி நொடியை. அதற்குப் பழைய இணைப்பே தாராளம்.

ஃபார்மட் செய்தால் வேகம் கூடுகிறதே என்ற கேள்வி நியாயமானது. கூடுகிறது, ஏனென்றால் கணினியோடு சேர்ந்து தானாக எழுந்த பத்துப் பதினைந்து புரோகிராம்கள் ஃபார்மட்டில் போய்விடுகின்றன. அவற்றை டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியிலேயே நிறுத்தலாம், காசில்லாமல். எந்தச் செலவுக்கும் முன் செய்ய வேண்டியது அதுதான். ராம் போட்டால் போதாதா? மெமரி தொண்ணூறு சதவீதம் நிறைந்து நிற்கிறதென்றால் போடத்தான் வேண்டும். 4 ஜிபியில் இன்றைய பிரவுசர் மூச்சு வாங்கும். ஆனால் ராம் நிறைந்ததும் விண்டோஸ் மிச்சத்தைக் கொண்டுபோய்க் கொட்டுவதும் டிஸ்க்கில்தான். ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். அத்தகைய மென்பொருள்களைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே அறிவித்திருக்கிறது.

எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடும் என்ற பயம் பரவலானது. 250 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றுக்குத் தயாரிப்பாளர் 150 டெராபைட் எழுதலாம் என்று உத்தரவாதம் தந்தால், தினமும் 20 ஜிபி எழுதினாலும் இருபது வருடம் ஓடும்; அதற்குள் கணினியே போய்விடும். பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. ஹார்ட் டிஸ்க் பல சமயம் சத்தம் போட்டு, திணறி, முன்னறிவிப்போடு சாகும். எஸ்எஸ்டி ஒரு காலையில் சும்மா காணாமல் போகும். பேக்கப் இல்லாதவர்கள் அதை வாங்குவதற்கு முன் பேக்கப்புக்கு வழி செய்யட்டும். இப்போதைய ஹார்ட் டிஸ்க்கின் மெத்தனமேகூடச் சாவின் அறிகுறியாக இருக்கலாம் என்பதால் போட்டோக்களையும் ஆவணங்களையும் முதலில் நகலெடுத்துவிடுவது நல்லது.

எனக்கே வலுவாகத் தோன்றும் மறுப்பு ஒன்று உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய ப்ராசஸர்களைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. அப்படியிருக்கப் பழைய பெட்டியில் எதற்குப் பணம்? எஸ்எஸ்டியின் விலை புது லேப்டாப் விலையில் ஒரு சிறு பங்கு. நாளை அந்தப் பெட்டி போனாலும் கழற்றி வேறொன்றில் மாட்டலாம். கடிதம் எழுத, பிள்ளைகள் பாடம் படிக்க என்றால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் போட்டு இன்னும் சில வருடம் ஓட்டலாம். 2011-ல் தமிழ்நாடு அரசு கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகள் எத்தனையோ வீட்டு அலமாரிகளில் கிடக்கின்றன. இயங்கும் நிலையில் இருப்பவற்றுக்கு இதுவே வழி. வங்கிக் கணக்கு, வருமான வரி என்று கையாள்பவர்கள் ஆதரவு முடிந்த விண்டோஸைத் தொடர்வதை மட்டும் நான் ஏற்கமாட்டேன்.

மாற்றவே முடியாதவையும் உண்டு. சேமிப்பகத்தையே போர்டில் பற்றவைத்து 32 ஜிபியோடு விற்ற மலிவு லேப்டாப்கள் அவ்வகை. ஏற்கெனவே எஸ்எஸ்டி இருந்தும் மெதுவாக ஓடினால் விசிறியில் அடைந்த தூசியைப் பாருங்கள்; சூடேறினால் ப்ராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கழற்றிய ஹார்ட் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் எறிய வேண்டாம். யுஎஸ்பி உறை ஒன்று வாங்கி அதில் போட்டால் பேக்கப்புக்கு ஆகும். பெரிய ஃபைல்களை வரிசையாக எழுதுவதில் அதற்குச் சிரமமே இல்லை.